வாயில் இருந்த வலை

போன கிழமை எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் ஒரு வழக்கு நடந்தது. பிளேன்டீ ஆறுவதற்குள் தீர்ப்பும் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஆரையம்பதிப் பக்கம் விடியப்புறம் வாவிக் கரையில் மீன் பிடிக்க நின்ற தவராசாவைப் பொலிஸ்காரர் ஒருவர் துப்பாக்கிப் பிடியால் முகத்தில் அடித்துவிட்டார். தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"சும்மா அடிப்பாங்களா? கூப்பிடக் கூப்பிடப் பேசாம நிண்டவனாம். உள்ளுக்க ஏதோ இரிக்கி" என்றார் கடை முதலாளி.

"அவங்களுக்கு அடிக்கக் காரணமும் வேணுமா?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

யுத்தம் முடிந்து சில மாதம்தான். ஆளுக்கொரு தீர்ப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறோம். நான் வழக்கம்போல, "உண்மை தெரியட்டும், பொறுங்க" என்றேன்.

பேப்பரில் பத்தி எழுதுகிறவன் என்பதால் பின்னேரம் ஆஸ்பத்திரிக்கும் போனேன். வாசலில் தவராசாவின் மனைவி புஸ்பம்.

"கூப்பிட்டது உண்மையா தங்கச்சி?"

"ஓம் சேர், கூப்பிட்டிருக்காங்க. இவர்ர வாயில வலை."

வீச்சுவலை போடுகிறவர்கள் வலையின் ஓரத்தைப் பல்லால் கவ்விக்கொண்டுதான் நிற்பார்கள். வாயைத் திறந்தால் வலை சரியும், மீனும் போய்விடும்.

"வீசிட்டுச் சொல்லுவம் எண்டு நிண்டிருக்கார். வீசினதும் அடி விழுந்திட்டு."

அரை இருட்டு... பேச்சில்லாத ஓர் உருவம் எதையோ சுழற்றி எறிகிறது. அந்தப் பொலிஸ்காரர் பயத்தில் அடித்தாரா? வலை என்று தெரிந்தே அடித்தாரா? எனக்குத் தெரியாது.

"பொலிஸத் தாக்கினாரெண்டு வழக்குப் போடப் போறாங்களாம் சேர். இவர மறியல்ல போட்டு அடைச்சா நானும் பிள்ளையளும் என்ன செய்யிற? பேப்பர்ல எழுதுங்க."

"விசாரணை நடக்கட்டும்..."

"எங்கட அண்ணனக் கொண்டு போன நேரமும் விசாரிக்கிறம் எண்டுதான் சொன்னாங்க. அது சுனாமிக்கு முதல். கொண்டு போனது ஆரெண்டே இன்னும் தெரியா."

பொறுத்திருப்பது நியாயம் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் உண்மை வந்து சேராத ஊரில், பொறுக்கச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. யாருக்காகப் பொறுப்பது? எதுவரைக்கும்?

நேற்று, புஸ்பம் சுடுதண்ணி வாங்கப் போன நேரம், விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தாராம்; பக்கத்துக் கட்டில்காரர் சொன்னது. கட்டிலருகே நின்று, "கூப்பிட்டபோது ஏன் பதில் சொல்லவில்லை?" என்று கேட்டாராம்.

தாடைக்குக் கம்பி கட்டியிருந்த தவராசா அப்போதும் பதில் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொண்டு போனாராம்.