கழிவுநீர்த் தோட்டத்துக் கீரை

1. கவிழ்ந்த தட்டு

அன்றைக்குத் தண்டங்கீரை போட்டுச் சாம்பார் வைத்திருந்தேன். மணி அடித்தது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் ஒருவரும் தட்டை நிமிர்த்தவில்லை. எல்லாம் கவிழ்ந்தே கிடந்தது.

நான் கரண்டியோடு நின்றேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னது: "எங்கம்மா திங்கக் கூடாதுன்னுட்டா, ஆயா."

இராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், ஒரு மில்லுக்குப் பின்னால் இருந்த ஆரம்பப் பள்ளியில் நான் சத்துணவு சமையலராக இருந்தேன். எண்பதுகளின் கடைசி. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு இருந்தது இந்த வேலை ஒன்றுதான். பிள்ளைகள் சாப்பிடவில்லை என்றால் சத்துணவு மையத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். அப்படிச் சேர்த்த இடத்தில் சமையலருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும்.

வினை கீரையில் இல்லை. போர்டில் இருந்தது.

2. போர்டு

எங்கள் தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவார். மதுரையில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர், நேரே சமையல் கூடத்துக்குள் வந்தார்.

"அக்கா, பிள்ளைக தட்டு கழுவுற தண்ணி எங்க போகுது?"

"தெருவுல போகுது டீச்சர்."

"இனிமே போகக் கூடாது. இருக்கிற தண்ணிய நாமளே தீத்துப்புட்டா நாளைக்கு வாரவுக என்ன செய்வாக?"

கிணற்றில் வாளி தரை தட்டிக்கொண்டிருந்த காலம். சொன்னது சரிதான். ஆனால் மதுரைக்குப் போய்விட்டு வந்து சரியாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். இதில் அவருக்கு என்ன ஆதாயம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு குழி. அதில் ஜல்லி, மணல், அடுப்புக்கரி. தண்ணீர் அதில் வடிந்து தோட்டத்துக்குப் போகும். காய்கறித் தோலும் அடுப்புச் சாம்பலும் எருக்குழிக்கு. தண்டங்கீரை, பப்பாளி, முருங்கை, வேலியோரம் அகத்தி. எல்லாம் நன்றாகவே வந்தது. சந்தையில் கீரை வாங்குவது நின்றது.

ஆபீசர் பார்வைக்கு வருகிறார் என்று டீச்சர் ஒரு தகரப் போர்டு எழுதி நட்டார். 'கழிவுநீர்த் தோட்டம்.'

என்னோடு உதவிக்கு இருந்த பாத்திமாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் வாசித்துச் சொன்னேன்.

"கழிவா? கக்கூஸ் தண்ணியவா சொல்லுதாக?" என்றாள்.

"மில்லுல பஞ்சுக் கழிவுங்காகல்ல, அந்த மாதிரி."

"பஞ்ச யாரு திங்கா?"

டீச்சரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

3. மஞ்சப்பை

இன்னொரு சந்தேகமும் எனக்குள் இருந்தது. சாயங்காலம் மணி அடித்து எல்லோரும் போன பிறகு டீச்சர் தோட்டத்துக்குள் போவார். திரும்பும்போது மஞ்சப்பை புடைத்திருக்கும். மேலே ஒரு பேப்பரை மடித்து மூடியிருப்பார்.

"சந்தைக்குத்தான் போகுது," என்றாள் பாத்திமா.

"டீச்சருக்கா இது வேணும்?"

"பின்ன எதுக்கு மூடுதாக?"

அன்றிலிருந்து நான் பையைத்தான் பார்த்தேன். பை கனமாக இருந்தால் மனசு கனமாகும். கேட்டதில்லை.

4. கேள்வி

போர்டை நட்டவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் வாசிக்கும். வீட்டில் போய், "இன்னைக்குக் கழிவுநீர்த் தோட்டக் கீரை தின்னோம்" என்று சொல்லியிருக்கின்றன.

தட்டு கவிழ்ந்த அன்றைக்கு, மில் சங்கு ஊதி முடிப்பதற்குள் தாய்மார்கள் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் செண்பகம். பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறவள், பேச்சில் யாருக்கும் அடங்க மாட்டாள்.

"ஏட்டி, கக்கூஸ் தண்ணியிலயா எம்பிள்ளைக்குக் கீர வளக்க?" என்று என்னைக் கேட்டாள்.

டீச்சர் ஓடிவந்தார். "கக்கூஸ் தண்ணி இல்லம்மா. தட்டு கழுவுன தண்ணி. வாங்க, காட்டுதேன்."

காட்டியது இன்னும் மோசமாகப் போயிற்று. செண்பகம் வாய்க்காலைப் பார்த்தாள். "அப்ப எச்சித் தண்ணியா? ஊரு எச்சியெல்லாம் இதுலதான் வருதா?"

கரி, மணல், வடிகட்டி என்று டீச்சர் என்னென்னவோ விளக்கினார். கரி எச்சிலை வடிகட்டிவிடுமா? எனக்கே நம்பிக்கை இல்லை. கடைசியில் அவர், "ஆண்டாள் சூடுன மாலைய பெருமாளே வாங்கிக்கிடலையா?" என்றார்.

"அது ஆண்டாள் டீச்சர். எங்கூட்டுப் பிள்ளைக ஆண்டாளா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாத்திமா மட்டும் சிரிக்கவில்லை. "ஊரு எச்சி, ஊரு எச்சிங்கியே. யாரு எச்சி? பேரச் சொல்லு பாப்போம்," என்றாள்.

சிரிப்பு நின்றது. பேர் சொல்ல யாருக்கும் வாயில்லை. எந்தத் தெருப் பிள்ளைகளின் எச்சில் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருத் தாய்மார்களும் அங்கேதான் நின்றார்கள்.

செண்பகம் பேச்சை மாற்றினாள். "டீச்சர் பையில என்ன போகுது தினமும்? அதச் சொல்லுங்க மொதல்ல."

நான் நினைத்ததையே அவளும் நினைத்திருக்கிறாள்! டீச்சர் முகம் சிவந்தது. "எங்க வீட்டுக்குத்தான் கொண்டு போறேன். எதையும் எங்க வீட்டுல ஆக்கித் தின்னு பாத்துட்டுத்தான் பிள்ளைகளுக்குப் போடச் சொல்லுதேன்."

"தின்னத யாரு பாத்தா?"

அன்றைக்குச் சாம்பார் மாட்டுத் தொட்டிக்குப் போனது.

5. துவாதசி

மறுநாளும் தட்டு கவிழ்ந்தே இருந்தது. தாய்மார்கள் வாசலில் காவல் நின்றார்கள். பன்னிரண்டு மணி பஸ்ஸில் இருந்து ஒரு வயதான அம்மாள் நாமத்தோடு இறங்கி, விறுவிறு என்று உள்ளே வந்தார். டீச்சரின் மாமியார். கோயிலுக்குத் துளசி கட்டிக் கொடுக்கிற வீடு. பஸ்ஸில் போன பேச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்விட்டது.

"எங்க அவ? எச்சித் தண்ணியில வளந்த அகத்தியவா எனக்கு ஆக்கிப் போட்டா?"

டீச்சர் வகுப்பிலிருந்து வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டார்.

செண்பகம் கிட்டே போனாள். "ஆச்சி, நெசமாவே நீங்க தின்னீகளா?"

"தின்னேனாவா? ஏகாதசி பூராப் பட்டினி கெடந்து, துவாதசிக்கு விரதம் முடிச்சதே அந்த அகத்தியிலதாம்மா! ஒரு தடவையா ரெண்டு தடவையா! இம்புட்டு எளசா எங்க கெடச்சதுன்னு நானே வாய விட்டுக் கேட்டேன். 'பள்ளிக்கூடத்துப் பக்கம்'ன்னா, மகராசி!"

முதலில் சிரித்தது பாத்திமா. அப்புறம் எல்லோரும். செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். சிரித்து முடித்து உள்ளே வந்து, தன் பிள்ளையின் தட்டைத் தானே நிமிர்த்தினாள்.

"பெருமாளுக்குத் துளசி கட்டுத வீட்டு விரதத்துக்கே ஆகும்னா, எம்பிள்ளைக்கு ஆகாதா? ஊத்துட்டி."

ஊற்றினேன். மற்றத் தட்டுகளும் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. எல்லாத் தட்டும் இல்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அதற்குப் பிறகு தூக்குவாளியில் வீட்டுச் சோறுதான் கொண்டுவந்தார்கள். அந்த அம்மாள் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் அடுத்த பஸ் ஏறிப் போனார். ஆனால் மையம் தப்பியது. என் வேலையும் தப்பியது.

6. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு

இப்போது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் தோட்டம் போடச் சொல்கிறார்கள். போடுங்கள். ஆனால் போர்டு நடும் முன்னால் தாய்மார்களைக் கூட்டி வாய்க்காலைக் காட்டுங்கள். பெயரை அவர்களையே வைக்கச் சொல்லுங்கள். எங்கள் போர்டைச் சுரண்டி, செண்பகம் சொன்னபடி 'பிள்ளைகள் தோட்டம்' என்று எழுதினோம். தண்ணீர் அதே தண்ணீர்தான்.

சந்தேகம் வந்தால் வாய் விட்டுக் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. செண்பகம் கேட்டாள். அதனால் ஒன்று நடந்தது. அதன் பிறகு டீச்சர் மாற்றலாகிப் போகும் வரை, சாயங்காலம் சமையல் கூடத்து வாசலில் நின்று மஞ்சப்பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவார். "பாத்துக்கோங்க அக்கா" என்பார். வேண்டாம் டீச்சர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பார்த்துக்கொண்டேன். மேலே தண்டங்கீரை இருக்கும். ஏகாதசிக்கு ஏகாதசி, அதற்கு அடியில் அகத்தி இருக்கும்.