தேவபாலன் கன்னத்துப் பொட்டு

இலங்கை மலைநாட்டில் உக்குவளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில், வெள்ளைக்காரத் துரைசானி எழுதிய மாதா படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நீலப் போர்வை, மடியில் பிள்ளை, பின்னால் கல் வளைவு. எல்லாம் அவர்கள் சீமையில் காலங்காலமாக எழுதிவரும் முறை. தாய்மை என்றால் அடக்கம், அமைதி, குனிந்த தலை என்று அவர்கள் நம்பியதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் போர்வைக்குள் இருந்த முகம் என் அண்ணியுடையது. மடியில் இருந்தது அவருடைய கைக்குழந்தை. கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் அழுத்திய தழும்பைக்கூடத் துரைசானி எழுதியிருந்தார்.

நான் அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அண்ணிக்கும் துரைசானிக்கும் நடுவில் மொழி மாற்றிச் சொன்னது நான்தான். அண்ணி ஒரே நிபந்தனையோடுதான் படத்துக்கு உட்கார்ந்தார்.

"படத்துல பிள்ளைக்கு திருஷ்டிப் பொட்டு வைக்கணுங்க. வெறுங் கன்னத்த ஊரே பாத்தா கண்ணு பட்டுராதா?"

துரைசானி சரி என்றார். ஆனால் படம் போகவேண்டிய மாதா கோவிலின் சாமியார், தேவபாலன் இயேசுவின் முகத்தில் மறு இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். பொட்டு நின்றுபோனது. அவர்கள் சாமிக்கும் எங்கள் சாமிக்கும் நடுவில் வாத்தியார் வேலை பார்ப்பது லேசில்லை.

படம் முடிந்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சரின் மருந்துக்கும் இறங்கவில்லை. படத்தின் வழியாகப் பிள்ளைமேல் கண் பட்டுவிட்டது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயமே பேசியது. சாமியார் படத்தை ஏற்றிப்போக லொறியோடு வந்த காலையில், அண்ணி குழந்தையை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் பங்களாவுக்கு ஏறினார். நான் பின்னால் ஓடினேன். தன் கண்மையை விரலில் தொட்டு, படத்துப் பிள்ளையின் கன்னத்தில் வைத்து அழுத்தினார்.

"என்னம்மா காரியம் இது!" என்று சாமியார் பதறினார்.

"ஒங்களுக்கு அது சாமிங்க. எனக்கு அது எம்பிள்ளைங்க."

துரைசானி எழுந்து வந்தார். துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்தக் கரும்புள்ளியைக் குனிந்து பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த அடுப்படித் தமிழில், "மை அழியும்" என்றார். மெல்லிய தூரிகையில் கறுப்புச் சாயம் எடுத்தார். அண்ணியின் விரல் பதிந்த அளவுக்கு, மயிரிழை கூடாமல் குறையாமல், அதன் மேலேயே எழுதினார். லொறியில் ஏற்றப் படத்தின் ஒரு பக்கத்தைச் சாமியாரே தூக்கினார்.

காய்ச்சல் மறுநாள் விட்டது. தன் மருந்துதான் என்று டிஸ்பென்சர் இன்றுவரை சாதிக்கிறார். இருக்கட்டும். துரைசானி சீமைக்குப் போய்விட்டார், அண்ணியும் இப்போது இல்லை. கோவிலில் அந்தப் படத்துக்கு முன்னால் எல்லோரும் தேவபாலனைப் பார்த்து மண்டியிடுகிறார்கள். சைவன் நான், எனக்கும் கால் மடங்குகிறது, அந்த இரண்டு பெண்களின் கைகளை நினைத்து.