குதிரைமசாலை நிறுத்திய லோர்னா

ஞாயிறு பிற்பகல் அம்மாவும் நானும் முயலுக்குப் பின்பக்கம் கழுவிவிட்டோம். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். அம்மா அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். தொடை மயிரில் காய்ந்து ஒட்டியிருந்த வெள்ளைப் படிவை நான் வெந்நீரில் கரைத்தேன். முயலின் பெயர் மேயர்.

"மெதுவாடி. அவன் ஒண்ணும் உன் தண்ணிக் குழாய் இல்ல."

"குழாயா இருந்தா இந்நேரம் அமிலம் ஊத்தியிருப்பேம்மா."

"கேட்டீங்களா மேயர்? இவளை வேலையிலேர்ந்து தூக்குங்க."

நான் குடிநீர்ச் சுத்திகரிப்புப் பொறியாளர். அம்மா, லோர்னா பென்ரோஸ், லியோங்கத்தா ஊருக்கு வெளியே பால் பண்ணை நடத்தியவள். அப்பா போனபின் மாடுகளை விற்றுவிட்டு ஊருக்குள் சின்ன வீட்டுக்கு வந்தாள். ஏதாவது ஒன்றுக்குத் தீவனம் போடாமல் அவளுக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. அதனால் முயல்.

கன்று ஈன்ற மாடு சில சமயம் பால்சுரத்தில் எழ முடியாமல் படுத்துவிடும். ரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போவதால் வருவது. அம்மா கால்சியம் பாட்டிலைக் கம்பளிச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி மாட்டுக்கு ஏற்றுவாள். செத்ததுபோல் கிடந்தது நடுங்கி எழுந்து நிற்கும். அதைக் கண்ணால் கண்டவளிடம் கால்சியத்தைக் குறைசொல்ல முடியாது. மேயருக்கு அவள் போட்டது மாடுகளுக்குப் போட்ட அதே குதிரைமசால், கால்சியம் நிறைந்த தீவனப் பயிர். முதல்தரம், இலை உதிராதது.

இந்தக் குளிர்காலத்தில் மேயர் கூனிக்குறுகி உட்கார்ந்து முக்கத் தொடங்கினான். சிறுநீர் பற்பசைபோல் வந்தது. கால்நடை மருத்துவர் அனெக்கே எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். மூத்திரப்பை எலும்பைவிட வெளுப்பாக இருந்தது.

"முழுக்க வண்டல், லோர்னா. இன்னிக்கே கழுவி எடுத்திடறேன். ஆனா குதிரைமசாலை நிறுத்தலேன்னா திரும்ப வரும். அடைச்சுதுன்னா பிழைக்க மாட்டான்."

"கால்சியம் இல்லாம எலும்பு என்னத்துக்கு ஆகும்?"

"வளர்ற குட்டிக்குச் சரி. இவன் கிழவன்."

"நானும்தான் கிழவி. எனக்கு மாத்திரை எழுதித் தர்றீங்களே!"

"நான் எழுதல. நான் மாட்டு டாக்டர்."

காரில் அம்மா என்னைக் கேட்டாள். "நீ சொல்லு. அந்தப் பொண்ணு சொல்றது சரியா?"

சொன்னேன். மற்ற பிராணிகளின் குடல் தேவைக்குத் தகுந்தபடிதான் கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். முயலின் குடல் வந்ததில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துவிடும், மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். தண்ணீர் போதாவிட்டால் அது படியும், கெட்டிலில் படிவதுபோல.

"அப்போ தெனமும் அவனுக்குப் பாட்டில் ஏத்திட்டிருந்தேனா?"

"கிட்டத்தட்ட."

 "தீவனக் கடைக்கு விடு," என்றாள் அம்மா.

கடையில் வாங்கிய உலர்புல்லை மேயர் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். முயல் பட்டினி கிடந்தால் குடல் நின்றுவிடும். ஆகவே அம்மா பழையதில் புதியதைக் கலந்து, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். உறிஞ்சு பாட்டிலை எடுத்துவிட்டு அகலமான பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். கீரையை ஈரம் சொட்டச் சொட்டப் போட்டாள். வண்டல் தங்காமலிருக்க நடைவழியில் அவனை விரட்டினாள். "எழுந்திருங்க மேயர், வோட்டுக் கேட்டுப் போகணும்!" கடைசியாக மிச்சமிருந்த குதிரைமசாலைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போது முகம் சரியாக இல்லை.

அந்த ஞாயிறு கழிந்து செவ்வாய் காலை அம்மா மேயரின் கூண்டுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். இதயம் என்றார்கள்.

புதன்கிழமை கால்நடை மருத்துவமனை வரவேற்பாளர் அம்மாவின் எண்ணுக்குக் கூப்பிட்டார். நான் எடுத்தேன்.

"மேயருக்கு நாளைக்கு மறு எக்ஸ்ரே. லோர்னாவே கூட்டிட்டு வந்துடுவாங்கள்ல?"

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் அழுதுவிட்டார். வேறு நாள் தரட்டுமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை அடக்கம், அடுத்த வாரம் என்றேன்.

ஞாயிறு கழுவியபோது படிவு முன்னைவிடக் குறைவாக இருந்தது. அதைவைத்து எதுவும் சொல்ல முடியாது. மூத்திரப்பை சுத்தமாகிவிட்டதா என்று படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். இன்னும் எடுக்கவில்லை.