பத்துமா, பத்திக்குமா

கட்டை விரல் நீளமுள்ள ஒரு பிளக்கைப் பார்த்துப் பயந்து, சோறு இறங்காமல் திரிந்தவள் நான். சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டுக்காரரே சிரித்தார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் பாதி வாழ்நாளைக் கழித்தவர் அவர். கம்ப்ரஸர் குழாய் வெடித்ததையும் இரும்பு ராடு அறுந்து விழுந்ததையும் ரசம் பிசைந்துகொண்டே விவரிக்கிற மனுஷன். அவரிடம் போய், "ஏனுங்க, இந்த வயரைப் பாத்தா எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றால் என்ன சொல்வார்? "பயமா இருந்தா கிட்டப் போகாத புள்ள" என்றார்.

கிட்டப் போகாமல் என் பிழைப்பு எப்படி நடக்கும்? கட்டப்போகிற வீடுகளுக்கு முகப்புப் படம் செய்து கொடுப்பது என் வேலை. எடப்பாடி, ராசிபுரம், திருச்செங்கோடு என்று எங்கிருந்தாவது ஒரு எஞ்சினியர் பிளானை அனுப்புவார். நான் அதைக் கம்ப்யூட்டரில் நிஜ வீடு மாதிரி எழுப்பி, வெயில் அடிக்கவிட்டு, வாசலில் ஒரு காரையும் நிறுத்திக் காட்ட வேண்டும். வீடு கட்டுகிற அம்மா பார்த்துவிட்டுத் தூணுக்குத் தங்கக் கலர் வேண்டும், மொட்டை மாடியில் ரெண்டு சிங்கம் வேண்டும் என்பார். சிங்கத்தை ஏற்றினால் படம் முழுக்க மறுபடியும் உருவாக வேண்டும். பழைய கிராஃபிக்ஸ் கார்டு முக்கி முனகி அதற்கு ஒரு முழுநாளைத் தின்றுவிடும். அதனால்தான் இருப்பதிலேயே பெரிய கார்டாகப் பார்த்து வாங்கினேன்.

பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். கார்டு செங்கல் கனம். அதற்குக் கரண்ட் ஏற்றுகிற வாய் மட்டும் விரல்கடை அகலம். அதில் தடித்த பின் பன்னிரண்டு, அதை ஒட்டி நரம்பு மாதிரி பொடிப் பின் நாலு. சின்ன இஸ்திரிப் பெட்டிக்குப் போகிற அளவு மின்சாரம் முழுவதும் இந்தப் பொந்து வழியாகத்தான் போயாக வேண்டும். இணையத்தில் தேடிப் பார்த்தேன். தேடியிருக்கவே கூடாது. உருகி, கருகி, பின்னோடு ஒட்டிக்கொண்ட பிளக்குகளின் படங்கள் வரிசையாக வந்தன. ஒருவர் பிளக் சரியாக உட்காரவில்லை என்கிறார், ஒருவர் வயரை வளைத்தது தப்பு என்கிறார், இன்னொருவர் தான் எல்லாம் சரியாகச் செய்தும் எரிந்தது என்கிறார். அவர் சொன்னதுதான் எனக்குள் ஆணி அடித்த மாதிரி நின்றது.

கார்டு போனால் போகட்டும் என்று அழுதுவிட்டு எழுந்துவிடுவேன். என் பயம் அதற்கில்லை. அந்த மிஷின் இருக்கிற அறையில்தான் என் மாமனார் படுத்திருக்கிறார்.

அவருக்குக் கை கால் விழுந்து கொஞ்ச காலம் ஆகிறது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. வீட்டில் ஏசி இருப்பது அந்த ஒரே அறையில்தான். கம்ப்யூட்டர் சூடாகக் கூடாது என்று போட்ட ஏசி, இந்த வெயிலில் அவருக்கும் உதவட்டும் என்று கட்டிலை அங்கே போட்டோம். அவரால் தானாக எழுந்து உட்கார முடியாது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல் "சாமி". எங்கள் பக்கம் குழந்தையும் சாமிதான், கிழவரும் சாமிதான், வழியில் போகிறவரும் சாமிதான். மனுஷன் ஆயுள் முழுக்க எல்லாரையும் அப்படிக் கூப்பிட்டே பழகியதாலோ என்னவோ, மற்றதெல்லாம் போய் அது மட்டும் நின்றுவிட்டது. தண்ணீருக்கும் சாமி, கால் பிடித்து விடவும் சாமி, டிவி சத்தத்தைக் குறைக்கவும் சாமி. குரலை வைத்து நான் புரிந்துகொள்வேன்.

நான் அடுப்படியில் இருக்கும்போது அந்தப் பொந்து பற்றிக்கொண்டால் அவர் என்ன செய்வார்? ஓடவும் முடியாது, தீ என்று கத்தவும் முடியாது.

அதனால் கேபிள் விஷயத்தில் பெண் பார்க்கிற மாதிரி பார்த்தேன். கார்டோடு ஒரு அடாப்டர் வந்திருந்தது, நாலு பழைய பிளக்குகளை ஒன்றாக முடிந்து ஒரு புது பிளக்கில் கொண்டுவந்து சேர்க்கிற கொத்து. நாலு இடத்தில் இணைப்பு என்றால் நாலு இடத்தில் பயம், வேண்டாம் என்று ஒதுக்கினேன். ஆன்லைனில் கலர் கலராக, பின்னல் போட்ட கேபிள்கள் இருந்தன. யார் செய்தது, எவ்வளவு தாங்கும் என்று ஒன்றும் இல்லை, பார்க்க மட்டும் கல்யாணப் பெண்ணின் ஜடை மாதிரி இருந்தன. சேலத்தில் எனக்கு வழக்கமாகச் சாமான் தருகிற கடைக்காரர், கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற வேறொரு பவர் சப்ளைப் பெட்டியோடு வந்த கேபிளை எடுத்து நீட்டினார்.

"இது நம்ம பவர் சப்ளைக்குப் பத்துங்களா?" என்று கேட்டேன்.

"பத்துமுங்க. எல்லாம் ஒண்ணுதானுங்க. வாய் சேருதில்ல, அப்புறம் என்னங்க?"

எங்கள் பேச்சில் பத்தும் என்றால் போதும் என்று அர்த்தம். பயத்தில் இருக்கிறவள் காதில் அது பத்திக்கும் என்றுதான் விழுந்தது. அவர் காட்டிய கேபிள் வாய் சேரத்தான் செய்யும். ஆனால் பவர் சப்ளையில் மாட்டுகிற முனையில் எந்த ஓட்டையில் எந்த வயர் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சமயத்தில் மாடலுக்கு மாடல் மாறும். சேருகிறதே என்று சொருகிவிட்டால் நேராகப் போக வேண்டிய கரண்ட் தலைகீழாகப் போய் எல்லாவற்றையும் சுட்டுவிடும். "ஏனுங்க, இது வேற கம்பெனிங்களே" என்றேன். "நீங்க ரொம்பப் படிக்கறீங்க" என்றார். அட போங்கப்பா என்று கேபிளை அங்கேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

கடைசியில் என் பவர் சப்ளையைச் செய்த கம்பெனியே, என் மாடலுக்கென்றே விற்கிற கேபிளைத் தேடிப் பிடித்தேன். ஒரு முனை பவர் சப்ளைக்கு, மறு முனை கார்டுக்கு, நடுவில் எந்த இணைப்பும் கிடையாது. நீளமும் தாராளம். அது வந்த அன்றைக்குச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் சொருகினேன். கிளிக் என்று கேட்கிறவரை அழுத்தினேன். டார்ச் அடித்து, பிளக்குக்கும் வாய்க்கும் நடுவில் நூல் இடைவெளி இல்லை என்று பார்த்தேன். என் கம்ப்யூட்டர் பெட்டி, அதாவது கேபினட், ஒடுக்கம். பக்கவாட்டில் மூடுகிற கண்ணாடியை மாட்டினால் அது கேபிளை அழுத்தி, பிளக்கை ஒட்டி மடக்கிவிடும். பிளக்கை ஒட்டி மடங்கினால் பின்கள் ஒரு பக்கம் நெகிழும், நெகிழ்ந்தால் சூடேறும். அதனால் கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். கேபிள் வெளியே ஒரு வளையமாகத் தொங்கிக்கொண்டு கிடந்தது. அசிங்கம்தான், இருக்கட்டும் என்று விட்டேன். தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

வீட்டுக்காரர் அப்போதுதான் மத்தியப் பிரதேசத்தில் வேலை முடித்து ஊருக்கு வந்திருந்தார். வந்தவர் சும்மா இருந்தால்தானே! குழாயை மாற்றுவார், கதவுக்கு எண்ணெய் விடுவார். அன்றைக்குக் காலை நான் மிஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போன பிறகு, அப்பாவுக்குச் சவரம் செய்துவிட அந்த அறைக்கு வந்திருக்கிறார். மிஷின் திறந்து கிடக்கிறது, வயர் தொங்குகிறது. நம்ம ஆளுக்குக் கை அரித்திருக்கிறது. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. சவரத்தை முடித்துவிட்டு லேத் பட்டறைக்குக் கிளம்பிப் போய்விட்டார். கேபினட் மேஜைக்கு அடியில் இருக்கிறது, அதன் திறந்த பக்கம் சுவரைப் பார்த்திருக்கும். குனிந்தால்தான் தெரியும்.

மத்தியானச் சமையலுக்கு முன்னால் நான் வந்து எடப்பாடி வீட்டின் சிங்கப் படத்தை ஓடவிட்டேன். ஃபேன்கள் சத்தம் எடுத்தன. மாமாவுக்குப் போர்வையை இழுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

வர மிளகாயும் கடுகும் தாளித்துக்கொண்டிருந்தபோது "சாமி" என்று கேட்டது. அந்த நேரத்துக்கு அவர் தண்ணீர் கேட்பார். "வாரேனுங்க மாமா" என்று அடுப்பை அணைத்துவிட்டு, சில்வர் டம்ளரில் தண்ணீரோடு போனேன். மிளகாய் நெடியில் என் மூக்கு அடைத்துக் கிடந்தது. எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை.

டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். தலையை வெட்டித் திருப்பினார். "சாமி! சாமி! சாமி!" அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதேயில்லை. "என்னங்க மாமா, ஒண்ணுக்கு வருதுங்களா?" என்றேன். இடது கையால் டம்ளரைப் பிடுங்கினார். பிடுங்கி, பலம் முழுவதையும் சேர்த்து மேஜையைப் பார்த்து எறிந்தார். டம்ளர் கேபினட்டில் பட்டு டங்கென்று விழுந்தது. பிளக் மாட்டுகிற கரண்ட் கட்டை மேலெல்லாம் தண்ணீர் தெறித்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஏனுங்க மாமா, உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சுங்களா? மிஷின் மேலயா தண்ணிய ஊத்துவீங்க?" என்று கத்திவிட்டேன். தண்ணீர் பட்டுவிட்டதே என்ற பதற்றத்தில் பாய்ந்து போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினேன். துடைக்கத் துணியோடு குனிந்தேன்.

கண்ணாடி மூடியிருந்தது. உள்ளே மெல்லிசாக வெள்ளைப் புகை சுருண்டுகொண்டிருந்தது. அப்போதுதான் மூக்கில் ஏறியது அந்த நாற்றம், பால் கவர் அடுப்பில் விழுந்தால் வருமே, அது. கண்ணாடியைத் தொட்டால் சுட்டது. பிடுங்கி எறிந்தேன். நான் வளையமாக விட்டிருந்த கேபிளை யாரோ கம்பி மாதிரி இழுத்து, ரெண்டு பிளாஸ்டிக் டேக் போட்டு உள்சட்டத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இழுத்த இழுப்பில் பிளக் ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அந்தப் பக்கம் பழுப்பாகக் கொப்புளித்து, கீழே ஒழுகியிருந்தது.

சக்கரம் வைத்த கட்டிலை அப்படியே தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் வந்தார். அழுகிறவளைப் பார்த்து, "என்ன புள்ள, சிங்கம் செத்துப்போச்சா?" என்று கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். நான் கையைக் காட்டினேன். உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தால், மேஜைக்கு அடியில் குத்தவைத்து அந்தப் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான் புள்ள கட்டுனேன்" என்றார். "ரிக்குல ஒரு வயரு இப்படித் தொங்குனா ஆடி ஆடியே உரசி அந்துபோயிரும். கருக்கா இறுக்கிக் கட்டுனாத்தான் நிக்கும். அதான் கட்டி, பல்லி போயிரும்னு மூடியும் வெச்சேன்."

அவரைத் திட்டவும் முடியாது. நாளெல்லாம் கிடுகிடுவென்று ஆடுகிற வண்டியில் இறுக்கிக் கட்டினால்தான் பிழைப்பார்கள். ஆடாமல் நிற்கிற இந்தப் பெட்டியில் அதே கட்டு ஆளைக் கொன்றிருக்கும். டேக்கை வெட்டக் கட்டிங் பிளேயரை எடுத்தார். இரும்பு ராடு அறுந்து விழுந்த கதையை ரசம் பிசைந்துகொண்டே சொல்கிற மனுஷனுக்கு, பிளேயர் டேக்கில் உட்காரவேயில்லை. நான்தான் வாங்கி வெட்டினேன்.

எஞ்சினியருக்குப் போன் போட்டு, படம் இப்போதைக்கு வராது என்றேன். மிஷினைக் கழற்றிக் கூடத்தில் வைத்தோம். இனி அது அங்கேயே வேகட்டும், ஏசி மாமாவுக்கு மட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். ஜன்னலைத் திறந்து நாற்றம் போன பிறகு கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளினோம்.

சாயங்காலம் மாமாவுக்கு வேட்டி மாற்றும்போது பார்த்தேன். விழுந்துபோன வலது காலில், முழங்காலுக்குக் கீழே நீள நீளமாகக் கீறல். ரத்தம் வந்து காய்ந்திருந்தது. பூனை கீனை ஏறியதோ என்று நினைத்தேன். இடது காலைத் துடைக்கும்போது அதன் கட்டைவிரல் நகத்தில் அந்த ரத்தம் இருந்தது.

நான் தண்ணீரோடு வந்தபோது போர்வை கீழே கிடந்ததும், அவர் கட்டிலின் ஓரத்துக்கு வந்து கிடந்ததும் அப்போதுதான் நினைவில் தட்டியது. தப்பித்து ஓடத்தான் நகர்ந்திருப்பார் என்று நினைத்தேன். ஆனால் அறையின் வாசல் அவருக்கு இடப்பக்கம். நல்ல காலும் இடப்பக்கம். அந்தப் பக்கம் உருண்டிருந்தால் எப்படியாவது வாசலில் போய் விழுந்திருக்கலாம். அவர் வந்து கிடந்தது வலப்பக்க ஓரத்தில், மிஷினும் சுவிட்சும் இருக்கிற பக்கம். வராத காலின் மேல் வருகிற காலைத் தூக்கித் தூக்கிப் போட்டு, உந்தி உந்தி அந்தப் பக்கமாக வந்திருக்கிறார்.

"ஏனுங்க மாமா," என்றேன். "வாசப்பக்கம் போகாம, பத்திக்கிட்டு எரியற பக்கம் எதுக்குங்க வந்தீங்க?"

அவர் இடது கையைத் தூக்கி, மேஜைக்குப் பின்னால் இருக்கிற சுவரைக் காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி. கேஸ் சிலிண்டர் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. நான் நின்று தாளித்துக்கொண்டிருந்ததும் அங்கேதான்.

மருந்தை எடுத்துவந்து அந்தக் கீறல்களில் தடவினேன். அந்தக் காலில் அவருக்கு எதுவும் உறைக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும், "எரியுதுங்களா மாமா, எரியுதுங்களா" என்று கேட்டுக்கொண்டேதான் தடவினேன்.