நாளைக்கு ஒரு கேஸ் இருக்கு

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹோட்டல் ஹாலின் பின்கதவு வழியே பிரியாணி வாசனை வரத் தொடங்கும். சரியாக அப்போதுதான் முன்வரிசையில் ஒரு கை உயரும். என் அத்திம்பேரின் கை அது. அக்காவின் கணவர், திருவனந்தபுரத்தில் பெயரெடுத்த எலும்பு மருத்துவர். நானும் அதே தொழில்தான். டாக்டர்கள் படித்தது பழசாகிவிடக் கூடாதே என்று நடத்தும் சி.எம்.இ. கூட்டங்களுக்கு எங்களில் பாதிப் பேர் போனது கையெழுத்துப் போடத்தான். வாசலில் ஒப்பமிட்டு, கடைசி வரிசையில் கண்ணயர்ந்து, சாப்பிட்டுவிட்டு நழுவினால், டாக்டர் பதிவைப் புதுப்பிக்கத் தேவையான கிரெடிட் கிடைத்துவிடும். இந்த மனிதரோ கேள்வி கேட்டே எங்களைப் பட்டினி போடுவார். "போதும் அத்திம்பேர், எல்லாரும் முறைக்கறா" என்று நான் கெஞ்சினால், "நீ சாப்பிட வந்தியாடா, கேக்க வந்தியா?" என்பார். அதுவும் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு!

அன்று பேசியது அவரிடமே படித்த ஒரு பெண். வயதில் தேய்ந்துபோன முழங்காலுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்கிறோமே, உடற்பயிற்சி தருவதைவிட அதனால் பெரிய பலன் இல்லை, பலருக்கு அது வேண்டாத ஆபரேஷன் என்றாள். கை உயர்ந்தது. பின்வரிசையில் யாரோ "ஐயோ!" என்றார்கள். அத்திம்பேர் எழுந்து, "நாளைக்கு எனக்கு ஒரு கேஸ் இருக்கு. நீ சொன்ன அதே ஆபரேஷன்" என்று அந்த நோயாளியின் வயது, வலி, எக்ஸ்ரே எல்லாம் ஒப்பித்தார். "பண்ணட்டுமா, வேண்டாமா? எனக்காகப் பாக்காதே." அவள் மைக்கைப் பிடித்தபடி விழித்தாள். பிறகு மெதுவாக, "வேண்டாம் சார்" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கர்வமாகவும் இருந்தது.

சாப்பிடாமல் என்னையும் இழுத்துக்கொண்டு நேரே வார்டுக்குப் போனார். பொன்முடி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் அம்மாள், மறுநாள் ஆபரேஷனுக்காக அட்மிட் ஆகியிருந்தாள். ஆபரேஷன் வேண்டாம் என்று அத்திம்பேர் சொன்னதும் பொங்கிவிட்டாள். "போன வாரம் நீங்கதான டாக்டரே கண்டிப்பா பண்ணணும்னீங்க? மகன் லீவு போட்டு வந்திருக்கான். இப்ப வேணாம்னா நான் எதை நம்புறது?" பொறுக்க முடியாமல் நான் குறுக்கே போனேன். அத்திம்பேர் என்னைக் கையமர்த்தினார். "போன வாரம் எனக்குத் தெரியாதும்மா. இன்னிக்குத்தான் தெரிஞ்சுண்டேன்" என்றார்.

"அப்ப அடுத்த வாரம் வேற சொல்வீங்களா?"

"தெரிஞ்சா சொல்லுவேன்."

அத்திம்பேர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி, பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கிப் பிடித்தார். தினமும் இப்படிச் செய்யணும் என்று காட்டும்போதே அவர் கால் வெடவெடவென்று நடுங்கிற்று. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "முதல்ல நீங்க பண்ணுங்க டாக்டரே" என்று சொல்லிக்கொண்டே தானும் காலை நீட்டினாள்.

அத்திம்பேர் இப்போது இல்லை. அவரை நினைக்காத ஞாயிறும் இல்லை. சி.எம்.இ. பாதி ஃபோனுக்குள் வந்துவிட்டது. பேரை மட்டும் திரையில் விட்டுவிட்டு ஆளாளுக்கு மார்க்கெட்டுக்குப் போகிறோம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்த அம்மாள் இப்போது என்னிடம்தான் வருகிறாள், கம்பில்லாமல் நடந்து. நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிடுகிறாள்:

"என்ன டாக்டரே, பெரிய டாக்டர் சொன்னது இன்னும் அதேதானா, மாறிடுச்சா?"