எல்லாருக்கும் எழுதுகிற கடிதம்

இங்கிலீஷில் கெஞ்சுவதற்கு என்னென்ன வார்த்தைகள் உண்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ரெக்வெஸ்ட், ப்ரே, பெக், என்ட்ரீட், இம்ப்ளோர், பெசீச். இந்த வரிசையை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் டைப்பிஸ்டாக உட்கார்ந்து, ஒரு மனுஷனை எவ்வளவு தூரம் குனிய வைக்கலாம் என்று பார்த்துப் பார்த்து நானே அடுக்கிக்கொண்டது.

அறுபதுகளில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். அந்தக் கம்பெனியில் நாற்காலி கிடைத்த பெண் நான் ஒருத்திதான். மற்ற பெண்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து பிசிறு வெட்டுவார்கள், பனியன் மடிப்பார்கள். என் நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். அட்டையை மடித்து முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன். ஆடினாலும் நாற்காலி நாற்காலிதான். அவர்கள் என்னை நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும்.

அந்த நாற்காலியை எனக்கு வாங்கிக் கொடுத்தது என் அண்ணன். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்று கம்பெனிக்குப் போனான், நான் படித்தேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் அங்கே நூல் ரூமுக்குப் பொறுப்பாளன். இடுப்பில் சாவியோடு நடப்பான். "என்ற தங்கச்சி இங்கிலீசு மிசினு தட்டுமுங்க" என்று முதலாளியிடம் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் அவர் வாசலில் நின்றான். முதலாளி முன்னால் போய் நின்றால் அவன் தலையில் இருக்கும் துண்டு அக்குளுக்கு வந்துவிடும். எனக்கு அது பிடிக்காது. பிடிக்காமலேதான் அந்த வேலையில் போய் உட்கார்ந்தேன்.

கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது லேட்டாக வந்தால், துணியில் ஓட்டை விழுந்தால், சொல்லாமல் லீவு போட்டால், மறுபடி உள்ளே வர மன்னிப்புக் கடிதம் தரவேண்டும். அதுவும் இங்கிலீஷில். வேலை செய்கிறவர்களில் ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியாது. முதலாளிக்கும் பாதிதான் தெரியும். "தமிழ்ல எழுதுனா ஊட்டுச் சண்டையாட்டம் இருக்குதம்மணி. இங்கிலீசுல இருந்தாத்தான் ஆபீசு" என்பார். ஆகவே எல்லாருடைய மன்னிப்பையும் நானே எழுதினேன். ஒரு மாதிரி தயார் செய்து வைத்திருந்தேன்: நான் இன்ன குற்றத்தைச் செய்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன், இனிச் செய்யமாட்டேன், தங்கள் கருணையை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். குற்றத்தை மட்டும் அவ்வப்போது மாற்றி, அடியில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினால் முடிந்தது.

வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன் என்ற இடத்தில்தான் என் விளையாட்டு. எனக்குப் பிடித்தவர்களுக்கு ரெக்வெஸ்ட் போடுவேன். அது நிமிர்ந்து நின்று கேட்பது. பிடிக்காதவர்களுக்கு பெக், அது பிச்சை. பிசிறு வெட்டும் பெண் ஒருத்தி, "இத்தன படிச்சும் மாப்பிள்ளை வரக்காணமே" என்று ஒருநாள் என் காதுபடச் சிரித்தாள். அடுத்த மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் வராமல் இருந்துவிட்டு வந்தாள். அவள் கடிதத்தில், தங்கள் பாதத்தில் விழுந்து கண்ணீரோடு இம்ப்ளோர் செய்கிறேன் என்று அடித்தேன். அவள் நாக்கை நீட்டிக்கொண்டு, பிள்ளைபோல் முக்கி முக்கிக் கையெழுத்துப் போட்டாள். "நல்லாயிருப்பீங்க அம்மணி" என்று வேறு சொன்னாள். முதலாளி கடிதத்தை வாங்கி, "ஏனம்மணி, இவ எவ்வளவு குனிஞ்சிருக்கறா?" என்று கேட்பார். நான் தமிழில் சொல்வேன். இரண்டு பேரும் சிரிப்போம். சிரித்தது உண்மை. அதை இப்போது மாற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பள்ளிக்கூடத்துத் தமிழய்யா ஒருமுறை சொன்னார்: தாழ்ந்தவன் 'ஈ' என்று கேட்பான், சமமானவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். இங்கிலீஷ்காரனும் அந்த ஏணியைத்தான் வைத்திருக்கிறான், இன்னும் சில படிகள் கூடப் போட்டு. எந்தப் படியில் யாரை நிறுத்துவது என்பது என் கையில் இருந்தது. இருபத்திரண்டு வயதில் அது கள்ளைவிட மோசமான போதை.

அப்படி இருக்கையில்தான் நூல் ரூமில் இரண்டு சிப்பம் நூல் குறைந்தது.

சாவி அண்ணனிடம். முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அண்ணனின் துண்டு அக்குளுக்குப் போயிற்று. "தப்பு என்னுதுதானுங்க. பொறுத்துக்கோணுமுங்க" என்றான்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது விளங்கும். பெரியவர்கள் கோபமாகக் கேட்டால் யாரும் விவரம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். நான் செய்யவில்லை என்றால் எதிர்த்துப் பேசியதாகிவிடும். தப்பு என்னுது, பொறுத்துக்குங்க என்றால் கேட்டவர் கோபம் இறங்கும், அன்றோடு பேச்சு முடியும். அதை யாரும் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்கிறவனும் மனதில் இருந்து சொல்வதில்லை. எதிரில் நிற்கிற ஆளை அனுப்பிவைப்பதற்காகச் சொல்கிற வார்த்தை அது. முதலாளியும் இந்த ஊரில் பிறந்தவர்தான். அவருக்கும் தெரியும்.

"சரி, லெட்டர் குடுத்துப்போட்டு வேலையப் பாரு" என்றார். அண்ணன் என் மேசைக்கு வந்தான்.

"நான் எடுக்கல அம்மணி. சாவி எங்கிட்ட இருந்துச்சு, அதுதான் தப்பு. அதைய எழுதிக்குடு."

எனக்கு அன்று எரிச்சல். எல்லார் முன்னாலும் அவன் அப்படிக் குனிந்து நின்றது அவமானமாக இருந்தது. சாவி, கவனக்குறைவு என்றெல்லாம் புதிதாக ஒரு கடிதம் யோசிக்க வேண்டும். மாதிரி கையிலேயே இருந்தது. குற்றத்துக்கான இடத்தில் 'இரண்டு சிப்பம் நூல் திருடியது' என்று அடித்தேன். பெக் போட்டேன். அவன் கையெழுத்துப் போடும் முன், "என்ன எழுதியிருக்குது?" என்று கேட்டான்.

"எல்லாருக்கும் எழுதறதுதான்" என்றேன்.

பதினைந்து நாள் கழித்து அந்தக் கடிதம் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. நூல் இன்னும் ஒரு சிப்பம் குறைந்ததாம், இனிப் பொறுக்க முடியாதாம். அண்ணனை வீட்டில் வந்து கூட்டிப் போனார்கள். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். நங்கை இடுப்புப் பிள்ளையோடு முதலாளி வீட்டு வாசலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். உள்ளே இருந்து ஒரு சொம்பு மோர் வந்தது, பதில் வரவில்லை.

ஜாமீனில் வந்த அண்ணனுக்குப் பயமே இல்லை. "கோர்ட்டுல தப்புன்னு ஒத்துக்கிட்டா, சத்தம் போட்டு உட்டுருவாங்கன்னு மொதலாளி சொல்லியுட்டாரு" என்றான். வக்கீல் வைக்கவில்லை. வழக்குக்கு முந்தின நாள் நான் அவனை உட்கார வைத்துச் சொன்னேன்: கோர்ட்டில் கில்ட்டி, நாட் கில்ட்டி என்று இரண்டே பதில்தான். நாட் கில்ட்டி, அதாவது நான் குற்றவாளி இல்லை என்று சொல்லிவிடு, மீதியை வக்கீல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அவன் சொல்லிப் பார்த்தான். வாய் வரவில்லை. "நான் குற்றவாளி…" வரைக்கும் வந்து நின்றுகொள்வான்.

"ஒரு பெரிய மனுசன் மேல உக்காந்து கேக்கையில, மூஞ்சிக்கு நேரா இல்லீன்னு எப்புடி அம்மணி சொல்றது? திமிருன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"திமிர்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும்!"

"நாம அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லியே."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. "குனிஞ்சு குனிஞ்சே சாவு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறேன் என்பதை மட்டும் கடைசிவரை நான் அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை முதலாளி என்னை அழைத்தார். குரலை உயர்த்தவில்லை. "லெட்டரப் பத்திக் கேட்டாலும் கேப்பாங்க அம்மணி. அவன் சொன்னதைத்தான எழுதுன? மாத்தி எழுதுனேன்னு சொன்னா உன்னையவுமில்ல புடிப்பாங்க" என்றார். பிறகு என் நாற்காலியைப் பார்த்து, "காலு ஆடுதா? புதுசு ஒன்னு வாங்கிப்போடச் சொல்றன்" என்றார்.

கோர்ட்டில் குற்றத்தைத் தமிழில்தான் படித்தார்கள். மாஜிஸ்திரேட் வெளியூர்க்காரர், மூக்குக் கண்ணாடி போட்ட நிதானமான மனிதர். "இந்தக் குற்றத்தைச் செய்தாயா?" என்று கேட்டார்.

அண்ணன் கூண்டுக்குள் இருந்து கும்பிட்டான். "தப்பு என்னுதுதானுங்க சாமி. பொறுத்துக்கோணுமுங்க."

"மன்னிப்பெல்லாம் இங்கே கிடையாது. எடுத்தாயா, இல்லையா? யோசித்துச் சொல்."

அண்ணன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், நெற்றி சுருங்கியதைப் பார்த்தேன். பிறகு, "நீங்க பாத்துச் சொன்னாச் சரீங்க" என்றான்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட்டுக்கு அந்தப் பதில் திருப்தி இல்லை. நல்ல மனிதர்தான், பாவம். வழக்குக் காகிதங்களுக்கு நடுவே இருந்த கடிதத்தை எடுத்துப் படித்தார், எழுதியது யார் என்று கேட்டார். நான் முன்னால் போய் நின்றேன்.

"இதில் இருப்பது இவர் தன் வாயால் சொன்னதுதானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அண்ணனுக்கு நேற்று முழுக்க நான் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தை. முதலாளி பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைத்தான் பார்த்தான். தங்கச்சி இருக்கிறாள், எல்லாம் சரியாகச் சொல்வாள் என்கிற முகம்.

"ஆமாங்க சார்" என்றேன்.

இவர் உனக்கு என்ன உறவு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். கடிதத்தை மடித்துக்கொண்டே அவர், "நல்ல இங்கிலீஷ்" என்றார். ஒரு நொடி எனக்குச் சந்தோஷம் வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை.

மூன்று மாதம் கடுங்காவல். கோயமுத்தூர் ஜெயில். அவன் உள்ளே இருக்கும்போதே நூல் ரூமில் மறுபடி நூல் குறைந்தது. எடுத்தவர் முதலாளியின் மச்சினன். கையும் களவுமாகப் பிடிபட்டார். அவரிடம் யாரும் கடிதம் கேட்கவில்லை. கோயிலில் வைத்துப் பேசி முடித்துக்கொண்டார்கள். முதலாளி என்னிடம் வந்து, "உங்கண்ணன் லெட்டரு நகல் இருந்தா அது பாட்டுக்கு பைல்லயே இருக்கட்டும் அம்மணி" என்றார். புது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைப் பைலில் கோர்த்தேன்.

ஜெயிலில் இருந்து வந்த அண்ணன் திருப்பூருக்கு வரவில்லை. நங்கையின் ஊரான கொமரலிங்கத்துக்கே போய்விட்டான், காடுகழனி வேலைக்கு. நான் போகத் துணிவதற்கு எட்டு மாதம் ஆனது.

பஸ்ஸில் உட்கார்ந்து எல்லா வார்த்தையையும் மனதில் எடுத்து வைத்துப் பார்த்தேன். ரெக்வெஸ்ட் முதல் பெசீச் வரை. தமிழிலும் பார்த்தேன். ப்ளீட் என்று ஒன்று இருக்கிறது. காலில் விழுந்து மன்றாடுவதற்கும் கோர்ட்டில் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வதற்கும் அவர்கள் அந்த ஒன்றையேதான் வைத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. உடுமலை தாண்டியும் ஒரு வாக்கியம் உருப்படியாகச் சேரவில்லை.

நங்கை வாசலுக்கு வந்தாள். எப்போதும் "வா கண்ணு" என்பவள், "வாங்க" என்றாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். "வாய்க்கா மேட்டுல இருக்கறாரு" என்று கையைக் காட்டினாள்.

அண்ணன் குந்தி உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான். நான் வாயைத் திறந்தேன். திறப்பதற்குள் அவன் எழுந்துவிட்டான். தலையில் இருந்த துண்டை எடுத்தான். அது அக்குளுக்குப் போயிற்று. சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு என்னைக் கும்பிட்டான்.

"தப்பு என்னுதுதானுங்க. பொறுத்துக்கோணுமுங்க."

குரலில் கோபம் இல்லை. முகத்திலும் இல்லை. இருந்திருந்தால் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். முதலாளியிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் எப்படிச் சொன்னானோ அப்படியே சொன்னான்.

"அண்ணா…" என்றேன்.

"கெளம்புங்க. அடுத்த பஸ்ஸை உட்டா நேரமாயிருமுங்க" என்று சொல்லிவிட்டு, நான் போவதற்காகத் தலை குனிந்து நின்றான்.

"சரீங்க" என்றேன்.