விளிம்புவரை ஊற்றிய தேநீர்

எங்கள் பெற்றோர் சங்கத் தலைவியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மகள் படிக்கும் இடைநிலைப்பள்ளியில் சீன மொழி, பண்பாட்டு நாள் என்று ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். அன்று முழுக்க மாணவர்கள் மாண்டரினில்தான் பேச வேண்டும், தூரிகையால் எழுத வேண்டும், குச்சியால் சாப்பிட வேண்டும். கிள்ளானிலிருந்து ஓய்வுபெற்ற சீனப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் விருந்தினராக வருவதாக இருந்தது. அவர்களை வரவேற்றுத் தேநீர் ஊற்றும் பொறுப்பை மாண்டரின் ஆசிரியை என் மகளுக்குக் கொடுத்தார்.

நான் கிள்ளானில் சீனப்பள்ளியில் படித்தவள். அப்பா ஒரு சீன முதலாளியிடம் லோரி ஓட்டினார்; அந்த முதலாளி பேச்சைக் கேட்டு என்னை அங்கே சேர்த்துவிட்டார். மகளையும் ஆரம்பப்பள்ளிக்கு அப்படியே சீனப்பள்ளியில் சேர்த்தேன். தேநீர் ஊற்ற வீட்டில் வெறும் தண்ணீரை வைத்துப் பழகினாள். குளிக்கும்போதுகூட வரவேற்பு வாசகம்தான்.

முந்தின நாள் ஒத்திகையில் தலைவி வந்து நின்றார். அவரும் தமிழர்தான். சிவப்புச் சீன உடையில் நின்ற என் மகளை மேலும் கீழும் பார்த்தார்.

"தப்பா நினைக்காதம்மா. இந்த சிவப்பு உன் மக கலருக்கு ஒத்து வரல லா. போட்டோ எல்லாம் எடுப்பாங்க. என் மக ஊத்தட்டும். உன் மக பின்னால நின்னு தண்ணி கொதிக்க வைக்கட்டும்."

மாண்டரின் ஆசிரியை வேலைக்குப் புதிது. தலைவி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். மகள் கழிவறைக்குப் போய் உடையை மாற்றி, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். காரில் ஏறியதும் கேட்டாள்: "அம்மா, நான் அவ்வளவு கறுப்பா?"

அவளுக்கு என் நிறம். அந்தப் பொம்பளையை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று வண்டி ஓட்டிக்கொண்டே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் வழி தானாக வந்தது. விருந்தினர்கள் உட்கார்ந்தார்கள். ஆசிரியை மண்டபத்தின் மறுகோடியில் தூரிகைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தலைவியின் மகள் கெட்டிலைக் கையில் எடுத்தாள். தலைவி அவள் காதோரம் சொன்னார்:

"நல்லா நிறைய ஊத்து. இல்லாட்டி கஞ்சம்னு நினைப்பாங்க."

நம் வீட்டில் அதுதான் மரியாதை. டம்ளர் வழிந்தால்தான் மனசு நிறையும். சீனர் வீட்டில் தேநீரை அப்படி ஊற்றக் கூடாது. கொஞ்சம் இடம் விட வேண்டும். கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பை அது, நிறைத்தால் சூட்டில் தூக்க முடியாது. விளிம்புவரை ஊற்றினால் போய் வாருங்கள் என்று விருந்தாளியை வாசலுக்கு அனுப்புவது போல.

மகள் பின்னாலிருந்து பதறிப்போய் என்னைப் பார்த்தாள். பொறு என்று கண்ணாலேயே சொன்னேன். ஊற்றும் அந்தப் பெண் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் கோப்பைகள் ஒவ்வொன்றாக நிறைய நிறைய, எனக்கு மனசு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

யாரும் கோப்பையைத் தொடவில்லை. ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, நிகழ்ச்சி முடிந்துவிட்டதா, கிளம்பலாமா என்று மலாயில் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். தலைவிக்கு ஒன்றும் புரியவில்லை. வேர்க்க விறுவிறுக்க என்னிடம் ஓடி வந்தார்.

"ஏம்மா யாரும் குடிக்கல? நீதான் சீனப்பள்ளியில படிச்சவளாச்சே, சொல்லேன்!"

அங்கே நின்ற அத்தனை தமிழ்ப் பெற்றோருக்கும் கேட்கும்படி விளக்கமாகச் சொன்னேன். கடைசியில், "கலர் நல்லாத்தான் இருந்துச்சு அக்கா, ஊத்தத்தான் தெரியல" என்றேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சரி சரி, உன் மகள வரச் சொல்லு."

"நான் எதுக்கு? பின்னால அனுப்புனது நீங்க. நீங்களே கூப்பிடுங்க."

அவர் கூப்பிட்டார். "வாம்மா" என்ற குரல் எனக்கு இன்னும் காதில் இனிக்கிறது. மகள் பள்ளிச் சட்டையோடே வந்தாள். கோப்பைகளைக் காலி செய்தாள், மாண்டரினில் மன்னிப்புக் கேட்டாள், இடம் விட்டு ஊற்றினாள். பெரியவர் இரண்டு விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்டினார். நன்றி என்று அர்த்தம். பிறகு எடுத்துக் குடித்தார். எல்லாரும் குடித்தார்கள். மகள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

போட்டோவெல்லாம் எடுத்து முடிந்ததும் தலைவி ஓரமாக உட்கார்ந்திருந்தார். களைத்துப் போயிருந்தார். நான் கெட்டிலையும் ஒரு கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் முன்னால் வைத்து, இரண்டு கையாலும் மரியாதையாக ஊற்றினேன்.

விளிம்புவரை.

அவர் கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு இப்போது தெரியும். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.